வரட்டும் என்றது யார்?

முன்பனிக் காலம் ஊரைத் தன்வசப்படுத்தியிருந்தது. மழையைப் போல அது முழங்கி வருவதில்லை. துயர் விழுந்த வீட்டுக்குள் நெருங்கிய உறவினர் நுழைவது போலக் குரல் தாழ்த்தி வந்து, ஒரு மூலையில் அமர்ந்து, பிறகு எழுந்து போக மறந்துவிடும். பகலிலேயே விளக்குகள் எரிந்தன. விளக்கைச் சுற்றி வெளிச்சம் நின்றதேயன்றித் தெருவுக்கு இறங்கவில்லை. கூரை விளிம்புகளிலிருந்து வழிந்த பனிநீர், யாரோ கண்மூடி மந்திரம் உருவேற்றுவது போல ஒரே சீராகக் கல்தரையில் சொட்டிற்று. பேசுவோர் வாயிலிருந்து எழுந்த ஆவி, பேச்சு முடிந்த பின்னும் முகத்தெதிரே சற்று நின்று, மனமில்லாமல் கலைந்தது. சொன்னவர் போன பிறகும் சொல் நின்றுகொண்டிருக்கும் பருவம் அது.

அப்பருவத்தின் ஒரு பிற்பகலில் புலவரும் வாலுவும் அந்தச் சிறிய மருத்துவமனையின் படியேறினர்.

புலவர் என்பது அவருடைய பெயரன்று. பள்ளியில் இலக்கணம் கற்பித்தவர். ஒருவனுக்குப் பதிலாக மற்றொருவன் தேர்வெழுதியதை ஒற்றுப்பிழை ஒன்றைக் கொண்டே கண்டுபிடித்தார். அதன்பின் துப்பறிவதே தொழிலாயிற்று; பட்டப்பெயர் மட்டும் பழைய தொழிலோடு தங்கிவிட்டது. வாலு அவருடைய அக்கா மகள். கணினி படித்தவள், நாக்குக்குத் தாழ்ப்பாள் வைத்துக்கொள்ளாதவள்.

"மாமா, உங்களுக்கு ஒரு கொலை கேஸ்கூட வராதா? போன தடவை காணாமப் போன நாய். இந்தத் தடவை பிரிண்டர் மெதுவா அடிக்குதாம். அடுத்து மிக்ஸி சத்தம் போடுதுன்னு கூப்பிடுவாங்க."

"நாய் கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது. உங்களைக் கடிச்சுது."

மருத்துவமனையின் மேலாளர் அவர்களைத் தம் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். சில நாள்களாக உறங்காத கண்கள்.

"சாஃப்ட்வேரை மாத்தினோம் சார். புதுசு வந்தா எல்லாம் பறக்கும்னாங்க. மாத்தின நாள்லேர்ந்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மட்டும் வெளியே வரவே மாட்டேங்குது. பொத்தானை அழுத்திட்டுத் தவம் கிடக்கணும். மேல ஆபரேஷனுக்கு ஆளைப் படுக்க வெச்சிருக்கோம், கீழ ரிப்போர்ட் வரல. நேத்து சர்ஜன் என் மேசையைத் தட்டின தட்டுல பேனா ஸ்டாண்டே கவிழ்ந்துடுச்சு."

"சாஃப்ட்வேர் போட்டவங்க என்ன சொல்றாங்க?" என்றாள் வாலு.

"வந்தாங்க. பார்த்தாங்க. அவங்க ஆபீஸ்ல மின்னல் மாதிரி வருதுன்னு வீடியோ காட்டினாங்க. டீ குடிச்சாங்க, போயிட்டாங்க. பிரிண்டரைப் புதுசா வாங்கிட்டேன். கேபிளை மாத்திட்டேன். ஒரு மாத்தமும் இல்ல."

"அப்ப மாத்தாம மிச்சம் இருக்கிறது மனுஷங்கதான்" என்றார் புலவர்.

மேலாளரின் குரல் இறங்கிற்று. "அதுக்குத்தான் சார் உங்களைக் கூப்பிட்டேன். யாரோ வேணும்னே பண்றாங்கன்னு நிர்வாகம் நினைக்குது. சாயங்காலம் கூட்டம். அதுக்குள்ள காரணம் தெரியலைன்னா லேபை மூடிட்டு, ரத்தத்தையெல்லாம் வெளியில அனுப்பிடப் போறாங்க."

"லேப்ல யார் யார் இருக்காங்க?"

"ரெண்டே பேர். ரத்தம் எடுக்கிறவர் ஒருத்தர், சொட்டுன்னு கூப்பிடுவோம். அப்புறம் டாக்டரம்மா. அவங்களை எப்படிச் சார் சந்தேகப்படுறது? லேபை உண்டாக்கினதே அவங்க வீட்டுக்காரர், பெரிய டாக்டர். மழைக்காலத்துல தவறிட்டார். இந்த லேபும் போச்சுன்னா அந்தம்மா எங்க போய் நிப்பாங்க?" சற்றே தயங்கினார். "ஆனா நர்ஸுங்க எல்லாம் மூணாவதா ஒருத்தரைச் சொல்றாங்க."

"யாரை?"

"பெரிய டாக்டரையே."

வாலு பதறாமல் கேட்டாள்: "அவர் இன்னும் சம்பளப் பட்டியல்ல இருக்காரா சார்?"

*

பரிசோதனைக் கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. இறங்க இறங்கக் குளிர் கூடிற்று. குளிர்பதனப் பெட்டியொன்று ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குழல்கள் தத்தம் தாங்கிகளில் வரிசையாக நின்றன. பனி பூத்த சாளரம் வழியே வந்த பகல், அவற்றின் சிவப்பைக் கருமையாக்கியிருந்தது. நடுவே கணினி மேசை. அதனருகே உறை பிரித்த மணம் மாறாத புதிய அச்சுப்பொறி. கூடத்தின் கோடியில் பூட்டிய கதவொன்று. அந்தக் கதவுப் பக்கம் மட்டும் ஒரு நாற்காலியும் முதுகு காட்டி நிற்கவில்லை.

சொட்டு என்பவர் ஒல்லியான நடுவயதினர். "வலிக்காது, ஒரே ஒரு சொட்டுதான்" என்று சொல்லிச் சொல்லியே குழல் நிறைய இரத்தம் எடுப்பதால் வந்த பெயர்.

"அண்ணே, ஒரு ரிப்போர்ட் அடிச்சுக் காட்டுங்க" என்றாள் வாலு.

"நீங்களே அழுத்துங்கம்மா. எனக்குக் கை வராது."

அவள் சர்க்கரைப் பரிசோதனை அறிக்கை ஒன்றைத் திறந்து, பொத்தானை அழுத்தினாள்.

திரையின் கீழோரத்தில் ஒரு சொல் தோன்றிற்று.

வரட்டும்.

அவ்வளவே. மற்றொரு சொல்லும் இல்லை. குளிர்பதனப் பெட்டியும் மூச்சடக்கியது போல முனகலை நிறுத்திற்று. அப்போது, பூட்டிய கதவுக்கு அப்பாலிருந்து, முதியவர் ஒருவர் தொண்டையைச் செருமும் ஓசை எழுந்தது. முதலில் ஓர் அடிக்குரல் இழுப்பு. பிறகு கனத்த கம்மல். இறுதியில் ஒரு சிறு 'ம்'.

வாலுவின் விரல் பொத்தானிலேயே ஒட்டிக்கொண்டது. சொல் திரையில் நின்றது. நேரம் போயிற்று. சாளரத்தில் ஒரு பனித்துளி வழிந்து அடிச்சட்டத்தைத் தொட்ட பின்பும் அது நின்றது. பின்னர்ச் சட்டென்று மறைந்தது. புதிய அச்சுப்பொறி ஒரே மூச்சில் தாளைத் துப்பிற்று.

"மாமா" என்றாள் வாலு மெல்ல. "அந்த மிக்ஸி கேஸ் வந்தா உடனே ஒத்துக்கலாம்."

சொட்டு கதவைப் பார்க்காமலே பேசினார். "அவர் இருந்தப்பவும் இதேதான் சார். ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போய் அந்த வாசல்ல நிப்போம். செருமுவார். 'வரட்டும்'னுவார். உள்ள போவோம். ஒரு வரி விடாமப் படிச்சுட்டுத்தான் கையெழுத்து. இப்பவும் படிக்கிறார். படிச்சு முடிச்சாத்தான் விடுறார். அதான் லேட்."

புலவர் நீண்ட அறிக்கை ஒன்றை அச்சிடச் சொன்னார். சொல் வந்தது, செருமல் வந்தது, அதே காத்திருப்பு. ஒற்றை வரியளவே உள்ள அறிக்கை ஒன்றை அச்சிடச் சொன்னார். அதற்கும் அதே காத்திருப்பு.

"படிக்கிறவருக்கு நீளமான ரிப்போர்ட்டுக்கு அதிக நேரம் ஆகணுமே?"

"செத்தவங்க எப்படிப் படிப்பாங்கன்னு எனக்கென்ன சார் தெரியும்?"

"நியாயம்தான்" என்றாள் வாலு. "ஆனா ஒண்ணு மாமா. இது மெதுவா அடிக்கல. சும்மா நிக்குது, அப்புறம் ஓடுது. காலு வலிச்சா நடை முழுக்க நொண்டணும். இது வாசல்ல நின்னு, உத்தரவு வாங்கிட்டு, ஓடுற மாதிரி இருக்கு."

"எல்லா ரிப்போர்ட்டும் இப்படித்தானா?" என்று புலவர் சொட்டுவைக் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் இல்ல. புதுசா வந்த காய்ச்சல் டெஸ்ட். பெரிய டாக்டர் போனப்புறம் ஆரம்பிச்சது. அது அழுத்தினதும் வந்துடும்."

"தான் பார்க்காத டெஸ்ட்ல மூக்கை நுழைக்க மாட்டாராக்கும். ரொம்ப முறையான பேய்."

"வாலு, சும்மா இரு. அண்ணே, அந்தக் காய்ச்சல் ரிப்போர்ட்டுக்கு வடிவம் போட்டது யாரு?"

"டாக்டரம்மா. இதோ இந்த மேசையிலதான் உக்காந்து போட்டாங்க. பழசெல்லாம் பெரிய டாக்டர் தன் கையாலேயே தயார் பண்ணது. உள்ள, அவர் அறையில."

புலவர் எழுந்து பூட்டிய கதவருகே சென்றார். சொட்டு ஓரடி பின்வாங்கினார். கதவின் பித்தளைக் கைப்பிடியைப் புலவர் குனிந்து நோக்கினார், தொடவில்லை.

"இந்தக் கதவுகிட்ட யாராவது வருவாங்களா?"

"யார் சார் வருவா? கூட்டுற ஆளுகூட அந்த ஓரத்தை விட்டுட்டுத்தான் கூட்டுது."

"கூடத்துல இருக்கிற கைப்பிடி எல்லாம் மங்கிக் கிடக்கு. யாருமே தொடாத கைப்பிடி மட்டும் எப்படி இப்படிப் பளபளக்குது?"

பனிநீர் எங்கோ வெளியே சொட்டிற்று.

"அவரை ஒருநாள் கோபப்படுத்திட்டோம் சார்" என்றார் சொட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போல. "ஆளில்லாத அறைக்கு எதுக்குக் கரண்ட்டுன்னு மேலாளர் உள் லைனை நிறுத்தச் சொன்னார். அன்னிக்குச் செருமலே இல்ல. ஆனா ரிப்போர்ட் ஒவ்வொண்ணும் யுகமாச்சு. இன்னிக்கு ஆகுற நேரமெல்லாம் அதுக்கு முன்னாடி தூசு. மறுநாள் காலையில வந்து பார்த்தா செருமல் திரும்பிடுச்சு. யார் லைனைப் போட்டதுன்னு இன்னி வரைக்கும் தெரியாது."

புலவர் திரும்பினார். அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு சிறு ஒளி.

"பேய்தான் ரிப்போர்ட்டைத் தடுக்குதுன்னா, பேய் வாயைத் திறக்காத அன்னிக்கு வேகமால்ல வந்திருக்கணும்?"

சொட்டு விழித்தார்.

"அது தடுக்கல. பதில் சொல்லுது. பதில் வந்தா ரிப்போர்ட் நகருது. பதில் வரலைன்னா, இனிமே வராதுன்னு அலுத்துப் போற வரைக்கும் நின்னுட்டு இருக்கு." அவர் கணினி முன் வந்து அமர்ந்தார். "வாலு, இன்னொரு தடவை அழுத்து."

சொல் தோன்றிற்று. வரட்டும். புலவர் அதையே நோக்கியிருந்தார். சுவருக்கப்பால் செருமல் எழுந்து அடங்கிற்று.

"இது என்ன சொல்?"

"இந்த நேரத்துல இலக்கண வகுப்பா மாமா?"

"சொல்லு."

"வினைமுற்று. வியங்கோள். வாழ்த்தவும் வரும், வேண்டவும் வரும், வையவும் வரும். முட்டி போட வெச்சுச் சொல்லிக் குடுத்தீங்க, மறக்குமா?"

"அங்கதான் எல்லாரும் தடுக்கி விழுந்தோம். பெரிய டாக்டர் வாயில வந்த சொல்லுங்கறதால, அவர் சொல்றார்னே படிச்சுட்டோம். அவரை மறந்துடு. இந்தப் புது சாஃப்ட்வேர் திரையோட இந்த மூலையில எதைக் காட்டும்?"

வாலு காய்ச்சல் அறிக்கையை எடுத்து, கண்ணிமைக்காமல் கீழோரத்தையே பார்த்தபடி பொத்தானை அழுத்தினாள். இமைப்பொழுதில் ஒரு சொல் மின்னி மறைந்தது: 'முன்மேசை'. தாள் உடனே வந்து விழுந்தது.

"அண்ணே, இந்தப் புதுப் பிரிண்டருக்குக் கம்ப்யூட்டர்ல என்ன பேர் வெச்சிருக்கீங்க?"

"முன்மேசைன்னு..."

"மாமா! அது பிரிண்டரோட பேரு! எந்தப் பிரிண்டர்கிட்டப் போகுதோ அதோட பேரைத்தான் இங்க காட்டுது. 'வரட்டும்'ங்கறதும் ஒரு பிரிண்டர்!"

"பெயர்ச்சொல்" என்றார் புலவர் நிறைவோடு.

வாலுவின் விரல்கள் விரைந்தன. சர்க்கரை அறிக்கையின் வடிவத்தைத் திறந்தாள். தலைப்பு, கட்டங்கள், இவற்றுக்கெல்லாம் அடியில், யாரும் பார்க்காத அமைப்புப் பக்கத்தில், அச்சுப்பொறி என்பதற்கெதிரே அச்சொல் அமர்ந்திருந்தது.

"பெரிய டாக்டர் தன் அறையில உக்காந்து வடிவம் போட்டிருக்கார். அப்ப பக்கத்துல இருந்த பிரிண்டரோட பேரும் சேர்ந்து உள்ள போயிடுச்சு. பழைய சாஃப்ட்வேர் அதைக் கண்டுக்கவே இல்ல. புதுசு ரொம்ப மரியாதைக்காரன். முதல்ல அந்த வாசல்ல போய் நின்னு, 'தாள் எவ்வளவு அகலம், ஓரம் எவ்வளவு'ன்னு கேட்டுட்டுத்தான் இங்க வந்து அடிக்குது. அந்தப் பிரிண்டரோ தூங்கிட்டு இருக்கு. எழுந்து உடம்பை முறிச்சுப் பதில் சொல்ற வரைக்கும் இவன் நிக்கிறான். அது எழுந்திருக்கிற சத்தம்தான் செருமல்."

"அவங்க ஆபீஸ்ல மட்டும் எப்படி வேகமா வந்துச்சு?" என்றார் சொட்டு, இன்னும் முழுதும் நம்பாமல்.

"அங்க அப்படி ஒரு பேரையே யாருக்கும் தெரியாதே அண்ணே. தெரியாத பேரை எதுக்குத் தேடணும்? தெரிஞ்ச பேரா இருந்தாத்தான் தேடிட்டே இருக்கத் தோணும்."

சொன்ன பிறகு அச்சொற்கள் அவள் எண்ணியதைவிட ஆழமாகச் சென்றதை அவளே உணர்ந்து அடங்கினாள். சொட்டு நாற்காலியில் சரிந்து, நெடுநாள் அடக்கிய மூச்சொன்றை விட்டார்.

"இன்னும் முடியல" என்றார் புலவர். "போனவர் அறையில ஒரு பிரிண்டர் உயிரோட இருக்குன்னா, நிறுத்தின கரண்ட்டை மறுபடி போட்டு அதுக்கு உயிர் குடுத்தவங்க ஒருத்தர் இருக்காங்க. சாவி வெச்சிருக்கிறவங்க. அந்தக் கைப்பிடியைத் தினமும் தொடுறவங்க."

"சாவி என்கிட்டதான் இருக்கு."

படிக்கட்டின் கீழ்ப்படியில் வெள்ளைக் கோட்டுடன் ஒரு பெண்மணி நின்றார். தலை முழுதும் நரை, நிமிர்ந்த நடை. சொட்டு துள்ளி எழுந்தார்.

"டாக்டரம்மா..."

"உக்காருங்க. உங்களை யாரும் தூக்கிட்டுப் போகப் போறதில்ல."

*

கதவு ஓசையின்றித் திறந்தது. கீல்களுக்கு எண்ணெய் இட்டிருந்தார்கள்.

பூட்டிய அறைக்குரிய வாடை அங்கில்லை. மேசை துடைத்திருந்தது. ஆணியில் ஒரு வெள்ளைக் கோட்டுத் தொங்கிற்று. தோள்கள் இன்னும் அதற்குள் இருப்பது போல அது மடிப்புக் கொள்ளாமல் நின்றது. மூக்குக் கண்ணாடி, படித்தவர் இப்போதுதான் கழற்றியது போல, கால் விரித்துக் கிடந்தது. மேசைக்கு இப்புறம், வருவோர்க்கென இட்ட நாற்காலியின் மெத்தையில் மட்டும் அமர்ந்தெழுந்த பள்ளம். மூலையில் பழைய சிறிய அச்சுப்பொறியொன்று. அதன் நெற்றியில் பச்சை விளக்கு, அணைவதற்கு முந்தைய கண்ணைப் போல விழித்திருந்தது.

புலவர் சொற்களைத் தேர்ந்தெடுத்தார். "அம்மா, நாங்க சொல்றது உங்களுக்குக் கஷ்டமா இருக்கலாம். ராவும் பகலும் இங்க கேக்குற அந்தச் சத்தம் உங்க வீட்டுக்காரர் இல்ல. அது..."

"பிரிண்டர்" என்றார் டாக்டரம்மா. "தெரியும்."

புலவர் நிறுத்தினார். வாலு நிமிர்ந்தாள்.

"பேய்னு நான் ஒரு நாளும் நினைக்கல புலவரே. நானும் டாக்டர்தான். முதல் நாள் சத்தம் கேட்டதும் ஓடி வந்து திறந்தேன். விளக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சு. புரிஞ்சுடுச்சு. கதவைச் சாத்திட்டுப் போயிருக்கலாம்." அவர் வருவோர் நாற்காலியின் முதுகைப் பற்றினார். "ஆனா அது அவரை மாதிரியே செருமுதே. அந்தக் கடைசி 'ம்' உட்பட. சத்தம் கேக்கும்போது கண்ணை மூடிக்கிட்டு இதுல உக்காந்துக்குவேன். கரண்ட்டை நிறுத்தின அன்னிக்குச் சுவரு வாயை மூடிக்கிட்டு நின்னுது பாருங்க, அவர் போன அன்னிக்குக்கூட எனக்கு அப்படி இருக்கல. விடிஞ்சதும் நான்தான் லைனைப் போட்டேன்."

"ரிப்போர்ட் லேட்டாகுறது அதனாலதான்னு உங்களுக்கு..."

"ரிப்போர்ட் போறதால இந்தச் சத்தம் வருதுன்னு நினைச்சேன். ரிப்போர்ட்டையே நிறுத்தி வைக்குதா?"

வாலு தலையசைத்தாள்.

டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. "நேத்து மேல ஒரு அம்மா. பிரசவம் முடிஞ்சு ரத்தம் நிக்கல. அந்த ரிப்போர்ட்டுக்காகப் புருஷன் படியிலேயே நின்னார். நான் அவரைத் தாண்டித்தான் போனேன். பிழைச்சுட்டாங்க. பிழைக்காமப் போயிருந்தா?"

அவர் விரைந்து குனிந்து அச்சுப்பொறியின் பிளக்கைப் பற்றினார்.

"வேண்டாம்மா!" வாலு பாய்ந்து கையைப் பிடித்தாள். "பிடுங்கினா இன்னும் லேட்டாகும். லைனை நிறுத்தின அன்னிக்கு ஆன மாதிரி. கூப்பிட்டுட்டே நிக்கும், யாரும் எழுந்து வர மாட்டாங்க. முதல்ல பேரை எடுக்கணும். ஒவ்வொரு ரிப்போர்ட்லேர்ந்தும்."

"பேரு..." டாக்டரம்மா பிளக்கை விட்டார். அவர் இதழோரம் எதிர்பாராமல் ஒரு சிரிப்புத் துளிர்த்தது. "அந்தப் பேரை யாரு வெச்சாங்க தெரியுமா? இதை வாங்கிட்டு வந்த அன்னிக்கு அவரே உக்காந்து மாட்டினார். பேர் என்னன்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. அதே நேரம் நான் வாசல்ல ஒரு ரிப்போர்ட்டோட நின்னு, 'உள்ள வரலாமா'ன்னேன். அவருக்கு ஒரு பழக்கம். பேசும்போது டைப் பண்ணினா, பேசினதையே அடிச்சுடுவார். 'வரட்டும்'னார். அடிச்சுட்டார். மாத்துங்கன்னேன். 'பொருத்தமாத்தான் இருக்கு, இருக்கட்டும்'னுட்டார்."

சொட்டு வாசலில் நின்றபடி மூக்கை உறிஞ்சினார்.

வாலு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, ஒண்ணு பண்ணலாம். நோயாளிங்க ரிப்போர்ட்லேர்ந்து எல்லாம் எடுத்துடறேன். ஒரே ஒரு வெத்துப் பக்கத்துல மட்டும் அந்தப் பேரை விட்டு வைக்கிறேன். காலையில லேப் திறந்ததும் நீங்க அதை ஒரு தடவை அழுத்திக்கலாம். யாருக்கும் லேட்டாகாது."

பச்சை விளக்கு மங்கி, உறங்குவதற்கு ஆயத்தமாயிற்று.

"நல்ல மனசும்மா உனக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனா வேண்டாம். அவர் ஒரு நாளும் யாரையும் வாசல்ல நிக்க வெச்சதில்ல. சாப்பாட்டுல கை வெச்சிருந்தாலும் செருமிட்டு 'வரட்டும்'னுவார். நிக்க வைக்கக் கூடாதுன்னு சொன்ன சொல்லு அது. அதை வெச்சே இத்தனை பேரை நிக்க வெச்சுட்டேன். போதும். எடுத்துடு."

*

வாலு வடிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினாள். கடைசியாக நின்றது சர்க்கரை அறிக்கை. திரை கேட்டது: 'வரட்டும்' நீக்கப்பட வேண்டுமா?

அவள் எழுந்து நாற்காலியை விட்டு விலகினாள். டாக்டரம்மா அமர்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அச்சொல்லை ஒருமுறை முழுமையாகப் படித்தார். பிறகு 'ஆம்' என்பதை அழுத்தினார்.

சொட்டுதான் அறிக்கையை அச்சிட்டார். விரல் எடுக்குமுன் தாள் வந்து விழுந்தது. அனைவரின் செவிகளும் தம்மையறியாமல் கோடிக் கதவின் பக்கம் சென்றன. அங்கே ஓசையில்லை. பனி வந்து அமர்வது கேட்கும் அளவுக்கு அமைதி.

"சத்தம் இருந்தப்போகூட இவ்வளவு பயமா இல்ல சார்" என்றார் சொட்டு, நலிந்த குரலில்.

படிக்கட்டில் மேலாளரின் காலடி விரைந்து வந்தது. தாளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றொன்றை அச்சிடச் சொன்னார், வந்தது. இன்னொன்று, வந்தது.

"அப்பாடா! லேபை மூட வேண்டாம்னு இப்பவே கூட்டத்துல சொல்லிடறேன். ஆமா, யார் சார் பண்ணது?"

டாக்டரம்மா எழ முற்பட்டார். புலவர் முந்திக்கொண்டார்.

"யாரும் வேணும்னு பண்ணல. ஒரு பெயர்ச்சொல்லை எல்லாரும் வினைச்சொல்லாப் படிச்சுட்டோம். அவ்வளவுதான்."

"ஓ" என்றார் மேலாளர், ஒன்றும் விளங்காமல். "அதுக்குத்தான் படிச்சவங்களைக் கூப்பிடணும்ங்கறது." மூன்று தாள்களையும் ஏந்திக்கொண்டு படியேறி ஓடினார்.

வெளியே பகல் மங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அறைக்குள் சென்றார். இப்போது பிளக்கைப் பிடுங்க யாரும் தடுக்கவில்லை. பச்சை விளக்கு அணைந்தது. கம்பியை அவசரமின்றிச் சுருட்டிக் கட்டினார். நுண்ணோக்கிக்கு இடும் வெள்ளைத் துணியுறையை எடுத்து உதறி, அச்சுப்பொறியின் மேல் போர்த்தி, நுனிகளை நேராக்கினார். பின்பு கண்மூடி, கைகுவித்து, உதடு மட்டும் அசையப் பழைய துதிப் பாடல் ஒன்றைச் சொன்னார். புலவருக்கு அப்பாடல் தெரியும். இருள் நீக்கும் இறைவனை நோக்கி, என்னை விட்டுப் பிரிந்தவரையும் உன்னை விட்டுப் பிரியாமல் வைத்துக்கொள் என்று இறைஞ்சும் பாடல். அவரும் நிலைப்படியிலேயே நின்று கைகுவித்தார். எப்போதும் ஏதாவது சொல்லும் வாலுவும் தலை தாழ்த்தினாள்.

பாட்டு முடிந்தது. டாக்டரம்மா கதவைச் சாத்தினார், பூட்டவில்லை.

"போயிட்டு வரோம்மா" என்றாள் வாலு.

அந்த அம்மையார் நிமிர்ந்தார். விடை கூறுமுன், நெடுங்காலம் ஒருவரோடு வாழ்ந்தவர்க்கு அவருடைய பழக்கம் தம் பழக்கமாகிவிடுவது போல, தம்மையறியாமல் தொண்டையைச் செருமினார். முதலில் ஓர் இழுப்பு. பிறகு ஒரு கம்மல். இறுதியில் அந்தச் சிறு 'ம்'. சொட்டு திடுக்கிட்டுத் திரும்பி, டாக்டரம்மாவைக் கண்டு, கண்ணீரோடு சிரித்தார். பெயராய்க் கிடந்த சொல் மீண்டும் வினையாயிற்று.

"வரட்டும்" என்றார் டாக்டரம்மா, வாலுவின் தலைமேல் கைவைத்து. "நல்லது அத்தனையும் உங்களைத் தேடி வரட்டும். ஒரு வாசல்லயும் நிக்காம வரட்டும்."